மல்லாந்து படுப்பது தப்பா? ஜியு-ஜிட்சுவிலும் மல்யுத்தத்திலும் ஒன்பது வருடம்

மல்யுத்தப் பயிற்சிக்குப் போன முதல் நாள். எதிரில் நின்றவன் என் காலைக் குறிவைத்து இறங்கினான். எனக்கோ அதற்குள் ஐந்து வருட ஜியு-ஜிட்சுப் பழக்கம். தரையில் உருண்டு, கழுத்தையோ மூட்டையோ பூட்டி எதிராளியைப் பணியவைக்கிற சண்டைக்கலை அது. யோசிக்கவே இல்லை. அவன் கையைப் பிடித்தபடி பின்பக்கமாக உட்கார்ந்து, மல்லாந்து, இரண்டு கால்களையும் அவன் இடுப்பில் பூட்டினேன். ஜியு-ஜிட்சுவில் இந்த நிலைக்குக் கார்ட் என்று பெயர். கார்ட் எடுத்தாயிற்று, இனி நம் ஆட்டம்தான் என்று நினைப்பு. அவன் என் இரண்டு தோள்களையும் பாயோடு சேர்த்து அழுத்தினான். விசில் ஊதியாயிற்று. பயிற்சியாளர் ஒன்றுதான் கேட்டார்: "ஏம்ப்பா, அவன் தள்ளவே இல்லையே, நீயா எதுக்குப் படுத்தே?"

அன்றைக்குப் பதில் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்து நான்கு வருடம் செய்தபிறகு இப்போது கொஞ்சம் சொல்ல முடிகிறது.

மல்யுத்தத்தில் முதுகு பாயில் படக்கூடாது. இரண்டு தோள்களும் ஒருசேரப் பட்டால் ஃபால், அதோடு ஆட்டம் முடிந்தது. அதுவரை எத்தனை புள்ளி முன்னிலையில் இருந்தாலும் செல்லாது. ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் எதிராளியின் முதுகைப் பாய்ப்பக்கம் திருப்பிக் காட்டவைத்தாலே இரண்டு புள்ளி. ஜியு-ஜிட்சுவில் நாமாகவே மல்லாந்து கார்ட் எடுத்தால் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. அவர் நம் கால்களைத் தாண்டினால்தான் மூன்று. மேலே ஏறி உட்கார்ந்தால், அதாவது மவுண்ட் எடுத்தால் நான்கு. பின்னாலிருந்து முதுகைப் பிடித்தாலும் அதே நான்கு. ஆகவே மல்யுத்த வீரன் மல்லாக்கப் போகாமலிருக்க எதையும் செய்வான், குப்புறக்கூடப் படுப்பான். ஜியு-ஜிட்சுக்காரர் மல்லாக்கப் படுப்பாரே தவிர முதுகைக் கொடுக்க மாட்டார். ஒன்றில் உயிரைக் காக்கும் அசைவு இன்னொன்றில் உயிரை எடுக்கும்.

ஜியு-ஜிட்சு எனக்கு முதலில் கொடுத்தது மூச்சு. ஆரம்ப மாதங்களில் கனத்த ஆள் ஒருவர் நெஞ்சில் ஏறினால் பதறி, இரண்டு கைகளையும் நீட்டி அவரைத் தள்ளுவேன். முழங்கையை மடக்கவிடாமல் நீட்டி வளைக்கிற ஆர்ம்பார் பூட்டுக்கு நீட்டிய கைதானே வேண்டியது? அடுத்த வினாடி டேப் அடிப்பேன், அதாவது தோற்றேன் என்று கையால் தட்டுவேன். ஒருநாள் மேலே இருந்த சின்னப் பையன் ஒருவன், "அண்ணா, முதல்ல மூச்சு விடுங்க, அப்புறம் தப்பிக்கலாம்" என்றான். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஒருபக்கமாகச் சாய்ந்து, மூக்கால் மூச்சுவிட்டுக் காத்திருக்க ஒரு வருடம் பிடித்தது. டேப் என்கிற ஏற்பாடு எவ்வளவு பெரிய வசதி என்பது பிறகுதான் புரிந்தது. மாட்டிக்கொண்டால் இரண்டு தட்டு, உடனே மறுபடி ஆரம்பம். ஒரே மாலையில் பத்துத் தடவை தோற்றுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

மல்யுத்தத்தில் அந்த வசதி கிடையாது. மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, நடுவில் முப்பது வினாடி. கேட்க எளிதாகத்தான் இருக்கும். முதல் தடவை முழு வேகத்தில் ஆறு நிமிடம் செய்துவிட்டு வாளியைத் தேடி ஓடினேன். கறுப்புப் பெல்ட் ஜியு-ஜிட்சுப் போட்டி பத்து நிமிடம் நடக்கும். அதில் பிடியைப் பூட்டிவைத்து ஓய்வெடுக்க இடமுண்டு. இங்கே கொஞ்சம் சும்மா நின்றாலும் நடுவர் எச்சரிப்பார்.

முதல் ஆறு மாதம் கற்றதெல்லாம் நிற்பதும் கைச்சண்டையும்தான். அவன் அக்குளுக்கடியில் என் கை போக வேண்டும், அவன் கை என் அக்குளுக்கடியில் வரக்கூடாது. சலிப்பான வேலை. ஆனால் ஜியு-ஜிட்சுப் பாயில் அதுதான் என்னை வேறு ஆளாக்கியது. அதுவரை, மேலே இருப்பதா கீழே இருப்பதா என்பதை எதிராளிதான் முடிவு செய்துகொண்டிருந்தார். காலைப் பிடிக்க வருபவர்மேல் இடுப்பைப் போட்டுக் கால்களைப் பின்னே வீசும் ஸ்ப்ரால் கைவந்தபிறகு, அந்த முடிவு பெரும்பாலும் என்னுடையது.

இடித்தது வேறு இடத்தில். தலையை எதிராளியின் விலாவுக்கு வெளியே வைத்துக் காலைப் பிடித்தால் மல்யுத்தத்தில் டேக்டவுன், அதாவது எதிராளியைக் கீழே சாய்த்தாயிற்று. ஜியு-ஜிட்சுவில் அந்தக் கழுத்தைச் சுற்றி கில்லட்டின் என்கிற நெரிப்புப் பிடி விழும். அதேபோல், கீழே விழுந்ததும் குப்புறத் திரும்புகிற மல்யுத்தப் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரே மாதத்தில் எத்தனை பேர் என் முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தார்கள் என்று எண்ணுவதையே நிறுத்திவிட்டேன்.

எது பெரியது என்ற சண்டைக்கு எல்லோரும் இழுப்பது, பல சண்டைக்கலைக்காரர்களும் மோதுகிற யுஎஃப்சி போட்டியை. 1994 டிசம்பரில் ஜியு-ஜிட்சுக்காரர் ஹோய்ஸ் கிரேசி, தன்னைவிட மிகவும் கனத்த மல்யுத்த வீரர் டான் செவர்னுக்கு அடியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கிடந்து, கடைசியில் கால்களால் கழுத்தை முக்கோணமாகப் பூட்டி டேப் வாங்கினார். 2006-இல் அதே கிரேசியை, மல்யுத்தத்திலிருந்து வந்த மேட் ஹியூஸ் முதல் சுற்றிலேயே முதுகைப் பிடித்து அடித்து முடித்தார். இதை வைத்து மல்யுத்தம் வென்றது என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் மல்யுத்த வீரர்கள் ஜியு-ஜிட்சுவைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஹியூஸ் கடைசியில் பிடித்திருந்த இடமே ஜியு-ஜிட்சுவில் நான்கு புள்ளிக்குரியதுதான்.

உடம்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜியு-ஜிட்சு உடையைப் பிடித்துப் பிடித்து என் விரல் மூட்டுகள் காலையில் மடங்காது. மல்யுத்தத்தில் தலையோடு தலை உரசி இடது காது வீங்கி, ரத்தம் கட்டி, காலிஃப்ளவராகவே இறுகிவிட்டது. வீங்கிய அன்றே மருத்துவரிடம் போய் எடுத்திருக்கலாம். 'தானாகச் சரியாகிவிடும்' என்று விட்டது என் சோம்பல். படர்தாமரை இரண்டு பாயிலும் சமமாக வந்தது.

முப்பதைத் தாண்டி புதிதாக ஆரம்பிக்கிறவர் என்னிடம் கேட்டால் ஜியு-ஜிட்சுவில் சேரச் சொல்வேன், பத்து வயதுப் பிள்ளை என்றால் மல்யுத்தம். ஓடி விழுந்து எழுகிற வேகத்தைப் பின்னால் சம்பாதிப்பது கடினம். பொறுமையை எந்த வயதிலும் கற்கலாம். ஏற்கெனவே ஜியு-ஜிட்சு செய்பவர்கள் வாரம் ஒருநாளாவது மல்யுத்தப் பாய்க்குப் போங்கள். முதல் மூன்று மாதம் இரண்டிலும் மோசமாவீர்கள், அது வழக்கம்தான்.

வலது முழங்கால் முனக ஆரம்பித்துவிட்டதால், இரண்டு கால்களையும் பிடித்துச் சாய்க்கிற, முட்டி தரையில் இடிக்கிற டபுள் லெக்கை நான் விட்டுவிட்டேன். இப்போது எதிராளியின் தலையைக் கீழே இழுத்துக் கையைத் தாண்டிப் பின்னால் போகிறேன். நன்றாகக் களைத்த கடைசிச் சுற்றில் மட்டும் உடம்பு சொன்னபடி கேட்பதில்லை. போன வாரம் மல்யுத்தப் பாயில் மறுபடியும் நானாகவே மல்லாந்து படுத்தேன். பயிற்சியாளர் இந்தத் தடவை கேள்வி எதுவும் கேட்கவில்லை, விசிலை மட்டும் ஊதினார்.