டர்பனில் பேட், ஷூ வாங்கப் போகிறீர்களா? என் 6,850 ராண்ட் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று உட்கார்ந்துவிடுவேன். அந்தக் கடைக்காரனும் அதற்காகத்தான் காத்திருக்கிறான்.

மொத்தம் 6,850 தென்னாப்பிரிக்க ராண்ட். மகளுக்குப் பேட்மிண்டன் ராக்கெட் 2,800, அவளுக்கே ஷூ 1,650, எனக்குப் பேடல் என்ற ஆட்டத்துக்கு ராக்கெட் 2,400. வாங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மூன்றில் ஒன்றும் உருப்படியில்லை. மகள் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு சோபாவில் கிடக்கிறாள். பள்ளி அணித் தேர்வு போன சனிக்கிழமை அவள் இல்லாமலே நடந்து முடிந்தது.

கடையின் பெயரைப் போடவில்லை. வக்கீலாக இருக்கும் மச்சான் வேண்டாம் என்றார். ஒரு வணிக வளாகத்தின் மூலையில் இருக்கும் சின்ன விளையாட்டுப் பொருள் கடை, பாதி வியாபாரம் வாட்ஸப்பில் நடக்கும், அவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டர்பனுக்கு வந்து பதினோரு வருஷம். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அவள் வீட்டில் ஐந்தாவது தலைமுறை. மகளுக்குப் பதினாலு வயசு. ஷட்டில் என்றால் உயிர். எனக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆபீஸ்காரர்கள் ஆறு மாசமாகப் பேடல் பேடல் என்று ஆடுகிறார்கள், கண்ணாடிச் சுவருக்குள்ளே நாலு பேர் பந்தை அடிப்பது. தொப்பையைக் குறைக்கலாமே என்று நானும் சேர்ந்துகொண்டேன். இரவல் ராக்கெட்டில் எத்தனை நாள் ஆடுவது? மகளுக்கு வாங்கும்போது நமக்கும் ஒன்று என்று ஆசைப்பட்டேன்.

கடைக்குள் கால் வைத்ததும் கடைக்காரன் "வணக்கம் அண்ணா" என்றான். நெற்றியில் விபூதி. கல்லாவுக்குப் பின்னால் முருகன் படம், பக்கத்தில் சின்னதாகப் பித்தளை வேல். பதினோரு வருஷமாக இங்கே கடைகளில் ஆங்கிலத்தில் பேசியே வாய் காய்ந்த ஆளிடம் ஒருவன் வணக்கம் சொன்னால் என்ன ஆகும்? மனசு இளகிவிட்டது. அவனுக்குத் தெரிந்த தமிழே பத்து வார்த்தை இருக்கும். அந்தப் பத்தையும் என் ஒருவனிடமே செலவழித்தான். வருஷா வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறானாம். அவன் பாட்டனுக்குப் பாட்டன் 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோவில் வந்தவராம், ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்த முதல் கப்பல் அது. அந்தக் கப்பலில் வந்தவர்கள் மொத்தம் 342 பேர். இன்றைக்குக் கேட்டால் பாதி டர்பன் அதில்தான் வந்ததாகச் சொல்லும். இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்லாவில் அவனுடைய அம்மா. மகள் தலையைத் தடவி, கையில் ஒரு முறுக்குப் பொட்டலத்தை வைத்தார். அந்த முறுக்குக்கு நான் கொடுத்த விலை 6,850 ராண்ட்.

ராக்கெட்டை எடுத்துக் காட்டினான். ஜப்பான் பிராண்ட், மேல்தட்டு மாடல், எடையில் 4யூ பிரிவு, 28 பவுண்ட் இழுப்பில் நரம்பு கட்டினாலும் தாங்கும் என்றான். ஷூ "கோர்ட் ஷூதான் அண்ணா, இங்கே கிளப் பிள்ளைகள் எல்லாம் இதைத்தான் போடுறாங்க" என்றான். பேடல் ராக்கெட் முழுக்க கார்பன், 3கே வகை நெசவு, ஸ்பெயினிலிருந்து வந்த சரக்கு. கூடவே ஒரு டியூப் இறகு ஷட்டில் இலவசம். கார்டை நீட்டினேன். "மெஷினில் லைன் இல்லை அண்ணா. இஎஃப்டி பண்ணுங்க, பேங்க்லேர்ந்து நேரா அனுப்புங்க, உங்களுக்காக 500 குறைக்கிறேன்." மனைவி என் முழங்கையை இடித்தாள். நான் அங்கேயே நின்று, அவன் குறைத்துச் சொன்ன 6,850-ஐ அனுப்பினேன். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டில் "விளையாட்டுப் பொருள், 6,850" என்று எழுதிக் கொடுத்தான். மாடல் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, கடை முத்திரைகூட இல்லை. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலில் போனது ராக்கெட். நல்ல ராக்கெட்டுகள் நரம்பு கட்டாமல்தான் வரும், நாமே கட்டிக்கொள்ள வேண்டும். மகள் ஆடும் ஹாலில் ஸ்ட்ரிங் கட்டிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. கையில் வாங்கியதுமே முகம் சுளித்தார். சமையல் தராசு மாதிரி ஒன்றில் வைத்தார். 92 கிராம். 4யூ என்றால் 80 முதல் 84 கிராமுக்குள் இருக்க வேண்டும். கைப்பிடிக்கு மேலே கூம்பு மாதிரி ஒரு மூடி இருக்கிறதே, அசல் என்றால் அதில் எண் பொறித்திருக்குமாம். இதில் அச்சடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினார், இரண்டு எழுத்து கையோடு வந்தது. "கட்டட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார். அப்போதும் நான் அந்தக் கடைக்காரன் பக்கம்தான். கட்டுங்கள் என்றேன். 28 தாங்கும் என்று சொன்ன ராக்கெட், 20 பவுண்டில் பாதி நரம்பு போவதற்குள் தலைப்பக்கம் டக்கென்று விரிந்தது. பெரியவர் கூலி வாங்கவில்லை. அது இன்னும் அவமானம்.

இலவச ஷட்டிலையும் அவரே பார்த்துச் சொன்னார். மூடியில் 75 என்று வேக எண். அது மெதுவான ஷட்டில், ஜோகன்னஸ்பர்க் மாதிரி கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேலே காற்று அடர்த்தி குறைந்த ஊருக்குச் சரி. டர்பனோ கடற்கரை. இங்கே அதை அடித்தால் முழுத் தூரம் போகாமல் நடுவிலேயே விழுகிறது. பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு அடி அடித்தால் எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழுவதுதான் சரியான ஷட்டிலாம். எங்களுடையது அதற்கு ரொம்ப முன்னாலேயே தலை குப்புற விழுந்தது. எவனோ அங்கே விற்காமல் தள்ளிவிட்ட சரக்கு இங்கே எனக்கு இலவசம்.

ஷூ கதைதான் வயிற்றெரிச்சல். முதல் நாளே ஹால் காவலாளி மகளை வெளியே வரச் சொன்னார். மரத்தரை முழுக்கக் கறுப்புக் கோடு. உள்ளரங்கத்துக்கு என்று வரும் ஷூவின் அடி தரையில் கறை விடாது, பிடிப்புக்காக மென்மையான ரப்பர் போட்டிருப்பார்கள், குதிகால் தாழ்வாக இருக்கும். இது ஓடுவதற்கான ஷூ. குதிகால் இரண்டு விரல் உயரம். முன்னால் பார்த்து ஓடுகிறவனுக்கு அது மெத்தை. பக்கவாட்டில் தாவி நிற்கிறவளுக்கு அது ஸ்டூல் மேல் நிற்கிற மாதிரி, கால் புரளாமல் என்ன செய்யும்? எனக்கு இது தெரியாது. விற்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அடியைத் துடைத்துத் துடைத்து, காவலாளியிடம் கெஞ்சி, மூன்று வாரம் ஆடினாள். நாலாவது வாரம் முன்வலைக்கு எட்டிப் பாய்ந்தபோது வலது ஷூவின் அடி அப்படியே பிரிந்து வந்தது. கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. அவள் கத்தின சத்தம் எனக்குக் கார் நிறுத்துமிடம் வரை கேட்டது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை, தசைநார் இழுபட்டிருக்கிறது என்றார் டாக்டர். அந்தச் செலவை 6,850-ல் சேர்க்கவில்லை.

பிரிந்த ஷூவை செருப்புத் தைப்பவரிடம் காட்டினேன். நடுவில் இருக்கும் மெத்தைப் பகுதியைக் கட்டை விரலால் அழுத்தினார், பழைய கேக் மாதிரி உதிர்ந்தது. அந்த மெத்தை பாலியூரித்தேன் என்ற ஒருவகை நுரைப் பிளாஸ்டிக்காம், ஷூவைப் போடாமல் பெட்டியிலேயே கிடந்தாலும் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் இருந்தால் தானாகவே சிதையுமாம். டர்பன் ஈரம் நமக்குத் தெரியாததா, உப்பு டப்பாவே கட்டி தட்டிப்போகிறது. நாக்குப் பகுதியின் உள்ளே தைத்திருந்த சின்னத் துணிப்பட்டையை அவர்தான் திருப்பிக் காட்டினார். தயாரித்த வருஷம் 2018. அதை வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்துவிட்டு, புதுச் சரக்கு என்று என் பிள்ளை காலில் மாட்டிவிட்டான்.

என் பேடல் ராக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடியில் ஒருமுறை உரசியது. உரசின இடத்தில் கார்பன் நெசவு ஸ்டிக்கர் மாதிரி உரிந்து, உள்ளே வெள்ளையாகக் கண்ணாடி இழை பல்லைக் காட்டியது.

சரி, கடைக்குப் போனேன். ராக்கெட் உடைந்த மறுநாள் ஒருமுறை, ஷூ பிரிந்த பிறகு இரண்டு முறை. முதல் முறை, "வேறே ஆளிடம் ஸ்ட்ரிங் கட்டினீங்களே அண்ணா, வாரன்டி போச்சே" என்றான். ராக்கெட்டை நரம்பு கட்டாமலே விற்றவன் பேசுகிற பேச்சு இது. பிறகு, பாஸ் ஜோகன்னஸ்பர்க் போயிருக்கிறார், ஜஸ்ட் நவ் கூப்பிடுகிறேன் என்றான். அதுவரை கடை அவனுடையதுதான், அன்றைக்குத்தான் திடீரென்று ஒரு பாஸ் முளைத்தார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: இந்த நாட்டில் "ஜஸ்ட் நவ்" என்றால் இப்போதே என்று அர்த்தமில்லை. அப்புறம், பார்க்கலாம், தோன்றினால் என்று அர்த்தம். பதினோரு வருஷமாக இங்கே இருந்தும் நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

இரண்டாவது முறை அவன் இல்லை, அம்மா மட்டும். மகளுக்குக் கால் எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. சுவரில் இருந்த "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" பலகையை விரலால் காட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்றாவது முறை, "போட்ட ஷூவை எப்படி அண்ணா வாங்குறது? 1,200-க்கு கிரெடிட் தரேன், வேறே ஏதாவது எடுத்துக்கோங்க" என்றான். அந்தக் கடையிலிருந்து இன்னொன்றா? கொஞ்சம் சத்தம் போட்டேன். அன்று வரை அண்ணா, அதன்பிறகு "சார்". அன்று சாயங்காலம் என் எண்ணை பிளாக் செய்துவிட்டான்.

அந்தப் பலகைக்கு இந்த நாட்டில் மதிப்பு இல்லை என்று மச்சான் சொல்லித்தான் தெரிந்தது. 2008-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் கடைக்காரன் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கினவர். கிரெடிட் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் பெரும்பாலான பொருள்களை 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அது வேறு சட்டம். நேற்று இரவு நுகர்வோர் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பிவிட்டேன். என்னிடம் இருக்கும் சாட்சியம் அந்தத் துண்டுச் சீட்டு, வங்கிப் பதிவு, உடைந்த ராக்கெட், உதிர்ந்த ஷூ.

எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விலாவாரியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி பதினொன்று தாண்டிவிட்டது, காலை ஷிஃப்ட் வேறு. அவசரமாக நாலு வார்த்தை. ஷூவின் நாக்கைத் திருப்பித் தேதியைப் பாருங்கள், கட்டை விரலால் நடுப்பகுதியை அழுத்துங்கள், அடியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். ராக்கெட்டை எடை போடச் சொல்லுங்கள், தராசு இல்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். எண்ணைச் சுரண்டிப் பாருங்கள், கடைக்காரன் முறைத்தால் முறைக்கட்டும். கார்டில் கொடுத்தால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருக்கிறது, இஎஃப்டியில் போனது போனதுதான். மெஷினில் லைன் இல்லை என்றால் லைன் வந்த பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். ரசீதில் மாடல் பெயர் வேண்டும். மனைவி முழங்கையை இடித்தால் நிறுத்துங்கள்.

மனைவியின் எண்ணை அவன் பிளாக் செய்யவில்லை போலிருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் போனை என் முன்னால் நீட்டினாள். அவன் போட்ட ஸ்டேட்டஸ். புதுச் சரக்கு வந்திருக்கிறதாம், அதே ராக்கெட், அதே நிறம். விலை 2,500. என்னிடம் 300 கூட வாங்கியிருக்கிறான்.