கான்டெஸாவைத் தாழ்த்த நாலு வழி: அறுத்த காயில், சுற்றிய காயில், காயிலோவர், ஏர் பை

என்னிடம் இருப்பது 1994 மாடல் கான்டெஸா, இசுஸு 1.8 என்ஜின். நம் நாட்டு மசில் கார் என்று பேர் வாங்கிய வண்டி. நீண்ட பானட், அகன்ற முகம், பின்னால் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றைக் கட்டை ஆக்ஸில். ஆனால் கம்பெனி விட்ட உயரத்தில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி இருக்கும், அதைப் பார்த்தாலே கொஞ்சம் இறக்கிவிட்டால் என்ன என்று கை அரிக்கும். இறக்குவதற்கு நாலு வழி இருக்கிறது: வண்டியைத் தாங்கும் சுருள் ஸ்பிரிங்கை, அதாவது காயிலை, அறுப்பது; புதிதாக அளவு கொடுத்துச் சுற்றி வாங்குவது; உயரம் மாற்றும் காயிலோவர் போடுவது; காயிலுக்குப் பதில் காற்றடைத்த பை வைப்பது. சிலதை என் வண்டியிலேயே போட்டேன், மற்றதை நண்பர்கள் வண்டியில் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தேன். தினமும் ஓட்டுகிற, திருப்பூருக்கும் கோவைக்கும் போய்வருகிற, மாதம் ஒருமுறை திம்பம் ஏறுகிற வண்டிக்கு என்னுடைய தேர்வு அளவெடுத்துச் சுற்றிய காயிலும், அதன் ஆட்டத்தை அடக்கும் சரியான ஷாக் அப்சார்பரும்தான். மற்ற மூன்றும் ஏன் இல்லை என்பதைச் சொல்கிறேன்.

கோவை கணபதியில் ஒரு வயதான மேஸ்திரி இருக்கிறார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "அண்ணா, எவ்வளவு இறக்கலாம்?" என்று கேட்டதற்கு, "உசரத்த மொதல்ல ரோட்டுல அளந்துட்டு வாங்க தம்பி, அப்புறம் ஸ்பிரிங்கப் பேசலாமுங்க" என்றார். மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு, 25 கி.மீ. வேகத்தில் தாண்ட வேண்டும். கான்டெஸாவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் 2.67 மீட்டர்தான், அதனால் அந்த மேட்டின் மேல் நாலு சக்கரமும் ஒன்றாக நிற்கும். அப்படி நிற்கும்போது நடு வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது வெறும் 5 செ.மீ. இந்த அளவில் கட்டிய மேட்டில் நன்றாகத் தாழ்ந்த வண்டியும் போய்விடும்.

ஆனால் ஊத்துக்குளிப் பக்கம் கிராமத்துச் சாலையில் இருப்பது வேறு. அரை மீட்டர் அகலத்தில் 12 செ.மீ. உயரத்துக்குக் கான்கிரீட் வரப்பு. முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாமல் நிற்கும்போது அந்த 12 செ.மீ.யும் அப்படியே வயிற்றுக்குக் கீழே நிற்கும். என் வண்டியில் தரைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது சைலன்சர் குழாய், 17.5 செ.மீ. நாலு பேர் ஏறினால் 2 செ.மீ. அமுங்கும். ஆக மிச்சம் 3.5 செ.மீ. அதில் 3 செ.மீ. எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். படத்தில் பார்க்கும் வண்டிகள் 8 செ.மீ., 10 செ.மீ. இறங்கியிருக்கும், அவை ஓடும் சாலை வேறு.

இனி அறுத்த காயில். "ஒரு சுத்து அறுத்தா ரெண்டு இஞ்ச் இறங்கிருமுங்க, அரை நாள் வேலைதானுங்க" என்று எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள், செலவும் லேபர் மட்டும்தான். நான் முதலில் செய்ததும் இதுதான். காயிலை அறுத்தால் மிச்சம் இருக்கும் சுற்றுகள் கடினமாகும் என்பது உண்மை. வேலை செய்யும் சுற்று எட்டில் ஒன்றை எடுத்தால் கடினம் 14 சதவீதம் ஏறும். அது போதவே போதாது. பம்ப் ஸ்டாப், அதாவது காயில் அமுங்கும்போது கடைசியில் இடி தாங்கும் ரப்பர் கட்டை, அது வரைக்கும் 7 செ.மீ. இடம் இருந்து, அதில் 3.5 போய்விட்டது என்று வையுங்கள். பள்ளத்தில் விழும் அதே அடியைப் பாதி இடத்துக்குள் காயிலே தாங்க வேண்டுமானால் அது நாலு மடங்கு கடினமாக இருக்க வேண்டும், ஏனென்றால் காயில் வாங்கிக்கொள்ளும் சக்தி அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தில் போகிறது. நமக்குக் கிடைத்தது 14 சதவீதம். அதனால்தான் அறுத்த வண்டி ஒவ்வொரு குழியிலும் ரப்பர் கட்டையில் போய் டொக்கென்று இடிக்கிறது.

இன்னொரு கணக்கையும் நான் கவனிக்கவில்லை. முன்னால் காயில் உட்காருவது சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் நுனியில் இல்லை, கிட்டத்தட்ட நடுவில். காயிலில் 1 செ.மீ. குறைந்தால் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2 செ.மீ. இறங்கும். நான் நினைத்தது 3, இறங்கியது 5. பின்னால் இதைவிட மோசம். ஜாக்கி வைத்துத் தூக்கியபோது ஆக்ஸில் கீழே தொங்க, அறுத்த காயில் தன் கிண்ணத்தில் லொடலொட என்று ஆடியது, விரலால் தள்ளினால் நகர்கிறது. வேகமாக ஒரு மேட்டைத் தாண்டும்போது சக்கரம் அப்படித் தொங்கினால் காயில் இடம் மாறி உட்காரும், அதைப் பார்த்த அன்றே கழற்றச் சொல்லிவிட்டேன். கேஸ் கட்டரால் காயிலைச் சூடுபண்ணி அமுக்குகிறார்களே, அதை மட்டும் யாரையும் செய்ய விடாதீர்கள். ஸ்பிரிங் எஃகின் பதமே போய்விடும், ஒரு பக்கம் மெல்ல மெல்ல உட்கார்ந்துகொண்டே வரும்.

சுற்றிய காயிலுக்குப் போனது இதற்கப்புறம். கோவையில் லேத்தும் ஸ்பிரிங்கும் பஞ்சமில்லாத ஊர் என்பதால் ஜோடி ஜோடியாக அளவு கொடுத்துச் சுற்றி வாங்கலாம். கொடுக்க வேண்டிய அளவுகள்: கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், எத்தனை சுற்று, தனியாக நிற்கும்போது உயரம், இரண்டு முனையும் எப்படி முடிகிறது. இதில் கம்பித் தடிமனில்தான் கவனம் வேண்டும், கடினம் அதன் நாலாவது அடுக்கில் ஏறுகிறது. 13 மி.மீ. கம்பிக்குப் பதில் 14 மி.மீ. போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், கடினம் 34 சதவீதம் கூடிவிடும். "கொஞ்சம் தடியாப் போட்டுக்கலாமுங்க" என்று பட்டறையில் சொல்வது ஒரு மி.மீ.யாகத்தான் இருக்கும், உங்கள் முதுகுக்குத் தெரியும் அது எவ்வளவு என்று. நான் 30 சதவீதம் ஏற்றிக்கொண்டேன், அதற்கு மேல் வேண்டாம் என்று நின்றேன். கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் மூன்று: ஈஎன் 45 மாதிரி ஸ்பிரிங் எஃகா, சுற்றியபின் பதம் ஏற்றி ஷாட் பீனிங் (சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து மேற்பரப்பை உறுதியாக்குவது) செய்தார்களா, கடைசியாகச் சுற்றோடு சுற்று முட்டும்வரை பிரஸ்ஸில் அமுக்கி எடுத்தார்களா. மூன்றாவதைச் செய்யாத காயில் ஓட ஓடக் கொஞ்சம் உட்கார்ந்துவிடும். நமக்கு மொத்தமே 3 செ.மீ.தான் கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் இந்தக் காயிலைப் பழைய ஷாக்கோடு போட்டால் பாதிப் பலன்கூட இல்லை. நான் ஒரு வாரம் அப்படி ஓட்டினேன். அவினாசி ரோட்டில் பாலம் ஏறி இறங்கும் இடத்தில் முன்பக்கம் மூன்று முறை மேலும் கீழும் ஆடி அப்புறம்தான் அடங்கியது. அமுங்கிய காயிலை மெதுவாக விரிய விடுவது ஷாக்கின் வேலை, காயில் கடினமானால் ஷாக்கின் விரியும் பக்கப் பிடிப்பும் கூட வேண்டும். அதோடு வண்டி தாழ்ந்ததால் ஷாக்கின் தடி எப்போதும் உள்ளே தள்ளியே நிற்கும், நீளம் குறைந்த ஷாக் போடாவிட்டால் அடி வாங்கி உள்வால்வு உடையும். கேஸ் நிரப்பிய, பிடிப்பு கூடிய, நீளம் சரியான ஷாக் நாலு போட்ட அன்று வண்டியே வேறு வண்டி ஆனது. பழைய ரப்பர் கட்டைக்குப் பதில் நீளமான, மெத்தென்ற நுரைக் கட்டையும் போட்டேன், இடி போய் ஒரு அமுக்கு மட்டும் தெரிகிறது. கையில் காசு குறைவாக இருந்தால் உயரத்தைத் தொடாமல் ஷாக்கை மட்டும் மாற்றுங்கள், அதிலேயே பாதி சந்தோஷம் கிடைத்துவிடும்.

காயிலோவர் என்பது காயிலும் ஷாக்கும் ஒன்றாக, மரை திருகி உயரம் மாற்றும்படி வரும் சாமான். மஸ்டாங், கமாரோ வைத்திருக்கும் அமெரிக்கருக்கு அவர் வண்டிக்கென்றே பெட்டியில் வருகிறது. கான்டெஸாவுக்கு வேறு காரினுடையதை வாங்கி, பிராக்கெட் செய்து பொருத்த வேண்டும். ஈரோட்டில் ஒரு நண்பர் அப்படிச் செய்திருக்கிறார், செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் ஆள். வளைவில் அந்த வண்டி நிற்கும் நிலைக்கு என்னுடையது பக்கத்தில் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய அமைப்பில் வண்டியின் எடையைக் காயில் தன் கிண்ணத்தின் வழியாக கிராஸ்மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்துக்குக் கொடுக்கிறது, ஷாக் மாட்டும் மேல் இடம் ஆட்டத்தை மட்டும்தான் தாங்கும்படி செய்தது. காயிலோவர் போட்டால் மொத்த எடையும் அந்த மெல்லிய தகட்டில் ஏறும். நண்பர் வண்டியில் பெயிண்ட்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது, சுரண்டிப் பார்த்தால் தகடு கிழிந்திருந்தது. இப்போது உள்ளே 5 மி.மீ. பிளேட் வைத்துப் பற்றவைத்திருக்கிறார். ட்ராக் போகாதவருக்கு இந்தச் செலவு தேவையில்லை. உயரம் மாற்றும் வசதியையும் வாங்கிய முதல் மாதம் தவிர யாரும் திருகிப் பார்த்து நான் கண்டதில்லை, நம் சாலைத் தூசியிலும் மழைச் சேற்றிலும் மரை இறுகிப்போகிறது.

ஏர் பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நின்றால் தரையோடு படுக்கும், ஊத்துக்குளி மேட்டில் பட்டனைத் தட்டினால் எழும்பும். பார்க்க அதுபோல் வேறொன்று கிடையாது, வேகத்தடைப் பிரச்சினைக்கு நேரடியான பதிலும் அதுதான். கம்ப்ரசர், டேங்க், வால்வு, குழாய் என்று டிக்கி பாதி போய்விடும், டேங்கில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடிக்க வேண்டும், எங்காவது ஒரு இணைப்பில் கசிந்தால் காலையில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஓட்டும் உயரம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், அந்த உயரத்துக்கு மட்டுமே சரியாக இருக்கும். நண்பர்கள் பலர் ஓட்டும்போதும் தாழ்த்தியே ஓட்டி டயரின் உள்பக்கத்தைத் தேய்த்துவிடுகிறார்கள். காட்சிக்கு வைக்கும் வண்டிக்குப் போடுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எந்த வழியானாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், பாடியில் பற்றவைக்கும் வேலை என்றால் கட்டாயம் கேளுங்கள்.

எந்த வழியில் இறக்கினாலும் பின் ஆக்ஸிலை யாரும் பார்ப்பதில்லை. அது பக்கவாட்டில் நகராமல், ஒரு முனை பாடியிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் மாட்டிய பன்ஹார்ட் ராடுதான் பிடித்திருக்கிறது. ராடு சாய்வாக இருந்தால் வண்டி இறங்கும்போது ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளிப்போகும். கொத்தனாரின் தூக்குக்குண்டை மட்கார்டு விளிம்பில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் அளந்தோம், 7 மி.மீ. வலது பக்கம் நகர்ந்திருந்தது. லேத்தில் ராடை நடுவில் அறுத்து, மரை வைத்து நீளம் மாற்றும்படி செய்து நேராக்கினோம்.

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கக் காயிலை மேலும் கடினமாக்காமல், இடது வலது சக்கரங்களை இணைக்கும் முன் ஆன்டி ரோல் பாரைத் தடியாக்கினேன். 20 மி.மீ. பாரை 24 ஆக்கினால் பிடிப்பு இரண்டு மடங்கு ஆகும், இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும் நேர்ச்சாலையில் முதுகுக்கு வித்தியாசம் தெரியாது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவிலும் இதன் வேலை தெரிகிறது. பின்னால் தடி பார் வேண்டாம், மழையில் உள்சக்கரத்தின் பாரம் குறைந்து வால் வீசும். பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் ஆர்ம்களின் முனையில், ரப்பர் புஷ்ஷுக்கு (இணைப்பில் வரும் மெத்தை வளையம்) பதில் கடினமான பாலியூரித்தேன் புஷ்ஷும் வேண்டாம். வண்டி சாயும்போது அந்த ஆர்ம்கள் கொஞ்சம் முறுக வேண்டும், ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும், பாலி கொடுக்காது.

ரப்பர் புஷ் போட்டால் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான இடங்களில் வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஆர்ம் நட்டுகளை இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுக்கினால் சக்கரம் தொங்கும் நிலையில் ரப்பர் பிடித்துக்கொள்ளும், இறக்கியதும் எந்நேரமும் முறுகியே நிற்கும், கொஞ்ச நாளில் கிழியும், அதுவரை வண்டியின் உயரமும் தப்பாகக் காட்டும். நாங்கள் நட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, டிரைவர் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்று வைத்து, முன்னும் பின்னும் இருமுறை தள்ளி உட்காரவிட்டு, அப்புறம் அடியில் படுத்து ஒவ்வொன்றாக இறுக்கினோம். அலைன்மென்ட் கடைக்கும் அதே மூட்டைகளோடுதான் போனேன்.