புது கேம்களும் பழைய 1050 டிஐ கார்டும்

2016 அக்டோபரில் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டில்தான் இன்னும் கேம் ஆடுகிறேன். தனி பவர் கேபிள் வேண்டாம். மதர்போர்டு ஸ்லாட் தரும் 75 வாட்டே போதும். சின்ன பவர் சப்ளை உள்ள பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில்கூட இதைச் செருகிவிடலாம்.

புது கேம்களில் முதலில் கையை விரிப்பது சிப்பின் வேகம் அல்ல, 4 ஜிபி மெமரி. கார்டின் சொந்த மெமரி விநாடிக்கு 112 ஜிபி வேகம் கொண்டது. அது நிரம்பினால் மிச்சம் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகும். அங்கிருந்து ஸ்லாட் வழியாக வர வேண்டுமென்றால் விநாடிக்கு அதிகபட்சம் சுமார் 16 ஜிபிதான். சைபர்பங்க் 2077 ஆடும்போது இது அப்பட்டமாகத் தெரியும். நேரே ஓடும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். தெருமுனையில் கேமராவைத் திருப்பியதும் படம் ஒரு கணம் உறைந்து, பிறகு துள்ளும். டெக்ஸ்சரை, அதாவது சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டப்படும் படங்களின் தரத்தை, மீடியத்துக்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும் (அதை மெயின் மெனுவுக்குப் போய்த்தான் மாற்ற முடியும், அது ஒரு எரிச்சல்). மெமரிக்குள் அடங்கும்வரை டெக்ஸ்சரால் வேகம் பெரிதாகக் குறையாது. எனவே எடுத்ததுமே அதை லோவில் வைத்து, சுவரையெல்லாம் களிமண் பூசியதுபோல் ஆக்க வேண்டியதில்லை.

வேகத்தைத் தின்பவை நிழல்களும் வால்யூமெட்ரிக் மூடுபனியும்தான் (ஒளி ஊடுருவிப் பரவுவதுபோல் வரையப்படும் மூடுபனி). அவற்றை லோவில் வைத்துவிடுங்கள், ஆட்டத்தின் நடுவே யாரும் கவனிக்கப் போவதில்லை.

படத்தைச் சிறிதாக வரைந்து திரை அளவுக்குப் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பம் இந்தக் கார்டுக்கு இல்லை, அதற்கு அவர்களின் ஆர்டிஎக்ஸ் வரிசைக் கார்டு வேண்டும். ஆனால் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் இதேபோன்ற நுட்பமான எப்எஸ்ஆர் இதில் தாராளமாக ஓடும். 1080பி திரையில் குவாலிட்டி மோடு என்றால் உள்ளே 720பி-யில்தான் படம் வரையப்படும். திரையில் வரும் மெனு எழுத்துகள் மட்டும் கூர்மை குறையாமல் இருக்கும். பெர்பார்மன்ஸ் மோடில் 540பி. அதில் தூரத்துக் கம்பிகளும் தலைமுடியும் மினுமினுக்கும், எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம், பிரேம் வேகத்தை விநாடிக்கு 30 படங்களில் பூட்டிவிடுங்கள். 33-க்கும் 48-க்கும் இடையே அலைபாய்வதைவிட அசையாத 30 கண்ணுக்கு எவ்வளவோ மேல். எல்டன் ரிங் கேமில் எப்எஸ்ஆர் கிடையாது, ரெசல்யூஷனைத்தான் குறைக்க வேண்டும். அதில் அவ்வப்போது வரும் திக்கலுக்குக் கார்டைக் குறை சொல்லவும் முடியாது. வெளியானபோது விலையுயர்ந்த கார்டுகளிலும் அது திக்கியது.

சில இடங்களில் செட்டிங் எதுவும் உதவாது. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் கட்டாயம், அது இந்தக் கார்டில் இல்லை; 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸுக்கும் அப்படியே. போதாததற்கு 2025 அக்டோபரோடு என்விடியா இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு, புது கேம்களுக்கேற்ற டிரைவர் மென்பொருள் தருவதை நிறுத்திவிட்டது. இனி 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். கையில் இருப்பவர்கள் 2023 வரை வந்த கேம்களில் பெரும்பாலானவற்றை இதிலேயே ஆடி முடிக்கலாம். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இப்போது போய் வாங்குவதாக இருந்தால், வேண்டாம். 6 ஜிபிக்குக் குறைந்த எதையும் தொடாதீர்கள்.