நாயை ஒரு மாதம் கென்னலில் விடுவதா, வீட்டிலேயே பழக்குவதா?

இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. எங்கள் லேப்ரடார் ப்ரூனோவை எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது ஒரு ட்ரெய்னரின் கென்னலில், அதாவது நாய்களைத் தங்கவைத்துப் பழக்கும் இடத்தில், ஒரு மாதம் விட்டோம். அவன் காலத்துக்குப் பிறகு எடுத்து வந்த நாட்டு நாய்க்குட்டி செம்பாவை வீட்டிலேயே பழக்கினோம், இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. இனி எந்தக் குட்டி வந்தாலும் வீட்டில்தான் பழக்குவேன்.

கென்னலில் நேரம் மிச்சம், பணம் செலவு. வீட்டில் அப்படியே தலைகீழ். ப்ரூனோவுக்கு 18,000 ரூபாய் ஆனது, செம்பாவுக்கு வாரம் கால் கிலோ கோழி ஈரல். ஆனால் பணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கற்றுக்கொண்டது வீட்டில் நிலைக்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ப்ரூனோ திரும்பி வந்த அன்று ட்ரெய்னர் சொல்லச் சொல்ல சிட், ஸ்டே (அசையாமல் இரு), ஹீல் (காலோடு ஒட்டி நட) எல்லாம் அச்சுப் பிசகாமல் செய்தான். பத்தே நாளில் பாதி போய்விட்டது. நான் சொன்னால் கழுத்தில் செயின் இருந்தால் மட்டும் உட்காருவான், அம்மா சொன்னால் அதுவும் கிடையாது. அவன் மேல் தப்பில்லை. நாய் ஒரு சொல்லைத் தனியாகப் பிடித்துக்கொள்வதில்லை; சொன்ன ஆள், நின்ற இடம், கையசைவு எல்லாவற்றையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது. கென்னலில் அந்த ஆளிடம் படித்த பாடம் எங்கள் வீட்டு ஹாலுக்குத் தானாக வந்துவிடாது.

செம்பாவிடம் இதைக் கண்கூடாகப் பார்த்தேன். சமையலறையில் இரண்டே நாளில் உட்காரக் கற்றவள், மொட்டை மாடியில் அதே சொல்லைச் சொன்னபோது கேட்டே அறியாதவள் போல நின்றாள். அதனால் ஹால், வராண்டா, மாடிப்படி, கேட், கடைசியாகத் தெரு என்று ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து ஆரம்பித்தோம், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று தடவை. வீட்டில் அம்மா "உக்காரு" என்பார், மகள் "சிட்" என்பாள், நான் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வேன், பாவம் குட்டி குழம்பிப் போனது. எல்லோரும் "உக்காரு" என்றே சொல்வதென்று முடிவான அன்றுதான் வேகம் பிடித்தது. உட்கார்ந்த உடனே, ஓரிரு நொடிக்குள், கடலை அளவு வெந்த ஈரல். தாமதித்தால் அதற்குள் எழுந்து நிற்கும், எழுந்ததற்குத்தான் தின்பண்டம் என்று நினைத்துக்கொள்ளும்.

தின்ன இருந்தால்தானே கேட்கும் என்று பலர் கேட்கிறார்கள். நன்றாகப் பிடிபட்ட பிறகு மூன்று தடவைக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்று கணக்கில்லாமல் குறைத்தோம், நடுவில் தடவிக்கொடுப்பது, பந்து வீசுவது. இப்போது வெறுங்கையோடு கேட்டில் நின்று கூப்பிட்டாலும் வருகிறாள்.

அப்புறம் பயம். ப்ரூனோவைக் கென்னலில் இழுத்தால் இறுகும் செயின் போட்டுத்தான் பழக்கினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வந்த பிறகு யாராவது ஒட்டடைக் கம்பை எடுத்தாலே மேசைக்கடியில் போய்விடுவான், கடைசிவரை அது முழுசாகப் போகவில்லை. போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டித்துப் பழக்கும் இடங்களில் இருந்த நாய்களிடம் மன அழுத்த அறிகுறிகளும், பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவும் கூடியிருந்தன. அமெரிக்காவில் விலங்கு நடத்தை பற்றி இயங்கும் கால்நடை மருத்துவர் சங்கம் 2021-இல், எல்லா நாய்களுக்கும் வெகுமதி முறையே போதும் என்று எழுதியது. எனக்கு அந்த ஒட்டடைக் கம்பே போதும்.

வீட்டில் பழக்கியதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபமும் உண்டு. தினம் பாதத்தைத் தொட்டு ஒரு துண்டு ஈரல், காதைத் திருப்பி ஒரு துண்டு, உதட்டைத் தூக்கி ஒரு துண்டு. இதனால் நகம் வெட்டும்போதும் டாக்டர் மேசையிலும் செம்பா பதறுவதில்லை, விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி தேடுவது ஒரு நிமிட வேலை. உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் எவ்வளவு நாய்களைப் படுத்துகிறது என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். ப்ரூனோவோ கென்னலிலிருந்து காது நிறைய உண்ணியோடு வந்தான், காதைத் தொடவும் விடவில்லை.

சரி, வீட்டுப் பயிற்சி எல்லோருக்கும் ஆகுமா? கடித்துப் பழகிய வளர்ந்த நாயை நான் கையாண்டதில்லை, அங்கே என் பேச்சை நம்ப வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வலியினாலும் கடிக்கும். வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து உங்களுக்கும் சேர்த்துச் சொல்லித்தரும் ட்ரெய்னர் கிடைத்தால் நல்லதுதான், அப்படி ஒருவர் எங்களுக்கு நான்கே வகுப்புகள் எடுத்தார், அதற்கு மேல் சொல்ல அனுபவமில்லை.

கென்னல்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா? விடும் முன் ஒரு நாள் சொல்லாமல் போய் ஒரு வகுப்பை முழுக்கப் பாருங்கள். நாய் தப்புச் செய்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பார்க்க விடமாட்டோம் என்றால் நாயை வண்டியிலிருந்து இறக்கவே இறக்காதீர்கள்.