பிங்க் ஆன்டிஃப்ரீஸ்: புல்லுக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயருக்கு வாங்கலாமா?

அக்டோபர் பாதி தாண்டியதும் ஒன்டாரியோவில் எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும், பனி வாரும் சவல் வரிசைக்குப் பக்கத்தில் ரோஸ் கலர் ஆன்டிஃப்ரீஸ் கேன் அடுக்கி வைத்திருப்பார்கள், குளிரில் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் உறைந்து வெடிக்காமல் இருக்க ஊற்றுகிற திரவம் இது. 3.78 லிட்டர், சாதாரணமாகப் பத்து டாலருக்குள் கிடைக்கும். லேபிளில் டிரெய்லர், காட்டேஜ், படகு என்று படம் இருக்குமே தவிர, தோட்டத்து ஸ்ப்ரேயரைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வார்த்தையும் இருக்காது. ஆனால் ஹீட்டர் இல்லாத கராஜில் பேட்டரி ஸ்ப்ரேயரை வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிட மலிவான காப்பு கிடையாது என்பது என் அபிப்பிராயம். சில குளிர்காலங்களாக இதைத்தான் ஊற்றுகிறேன், பம்ப் இன்னும் ஓடுகிறது.

முதலில் யாருக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், காசு மிச்சம். நாலு லிட்டர், எட்டு லிட்டர் பிடிக்கிற, கையால் பம்ப் அடிக்கிற சாதாரண டேங்க்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் இந்தக் கேன் தேவையே இல்லை. காற்றைத் திறந்துவிட்டு, டேங்கைக் கவிழ்த்து, ட்ரிகரை அமுக்கிப் பிடித்துக் குழாயில் இருக்கிற தண்ணீரை வடித்து, காயவைத்து பேஸ்மென்டில் வைத்தால் முடிந்தது. பிரச்சினை எல்லாம் மோட்டார் பம்ப் உள்ளதில்தான்: முதுகில் மாட்டுகிற பேட்டரி ஸ்ப்ரேயர், புல்வெட்டும் டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப்போகிற 12 வோல்ட் பம்ப் வைத்த டேங்க், இந்த ரகம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருமன் கூடும். பெரிய டேங்கின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் அது விரிய இடம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது. பம்ப் தலைக்குள் இருக்கிற சின்ன அறையிலும், ட்ரிகர் வால்விலும், கைப்பிடிக்குள் இருக்கிற ஃபில்டர் கூட்டிலும் ஒரு ஸ்பூன் தண்ணீர் மாட்டிக்கொண்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது, பிளாஸ்டிக்தான் வழிவிட வேண்டும். அப்படி விழுகிற கீறல் முடி அளவுக்குத்தான் இருக்கும், வெளியே தெரியாது. மே மாதம் புல்லில் டேன்டிலயன் களை மஞ்சளாகப் பூத்து நிற்கும்போது மோட்டார் சத்தம் கேட்கும், பிரஷர் மட்டும் ஏறாது.

இப்போது லேபிள் விஷயம். பெரிய எழுத்தில் மைனஸ் 50 என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதுவரை உறையாது என்று நினைக்க வேண்டாம். அந்த எண் குழாய் வெடிக்காமல் காப்பதற்கான அளவு. மைனஸ் பத்து பன்னிரண்டு செல்சியஸ் வாக்கிலேயே இது கொழகொழவென்று கட்ட ஆரம்பித்துவிடும், ஆனால் கல் மாதிரி இறுகி விரியாது என்பதுதான் விசேஷம். அதனால் ஜனவரியில் ஒருநாள் கராஜைச் சுத்தம் பண்ணும்போது சும்மா ஓட்டிப் பார்ப்போமே என்று சுவிட்சைப் போடாதீர்கள், கட்டியிருக்கிற கூழை இழுக்க முடியாமல் மோட்டார்தான் அடிபடும்.

இன்னொன்று, ரோஸ் கலரில் இருப்பதெல்லாம் ஒரே சாமான் இல்லை. சிலது புரொப்பிலீன் கிளைகோல், சிலது எத்தனால், சிலது இரண்டும் கலந்தது. கலர் ஒன்று, கேன் ஒன்று, விலையில்தான் கொஞ்சம் வித்தியாசம். எத்தனால் தீப்பிடிக்கும், ரப்பர் சீலையும் காய வைக்கும் என்பதால் நான் வாங்குவது கிளைகோல் மட்டும் உள்ளதை. பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்தே ஆக வேண்டும். கடையில் கேட்டுப் பார்த்தேன், அங்கே இருந்த பையன் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். காருக்கு ஊற்றுகிற பச்சை எத்திலீன் கிளைகோல் பக்கமே போகாதீர்கள், அது இனிப்பாக இருக்கும், தரையில் சிந்தினால் நாயும் பூனையும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. கார் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீரை ஸ்ப்ரேயரில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், உறையாது என்பது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பாலும் இருப்பது மெத்தனால் என்ற விஷச் சாராயம். குழந்தைகள் நடமாடுகிற வீட்டில் அந்த மிச்சம் எனக்கு வேண்டாம்.

குறை என்று சொல்வதென்றால், இது கழுவுகிற சாமான் இல்லை. உள்ளே மருந்து மிச்சம் இருக்கும்போதே இதை ஊற்றினால் அந்த மருந்தையும் சேர்த்துப் பாதுகாத்து வைத்த மாதிரிதான். ஒன்டாரியோவில் 2009 ஏப்ரலில் வீட்டுப் புல்லுக்கான பழைய களைக்கொல்லிகளைத் தடை செய்த பிறகு நாம் அடிப்பது பெரும்பாலும் இரும்பு கலந்த களைக்கொல்லி, இல்லையென்றால் வினிகர், சோப்பு, திரவ உரம், புல் வேரைத் தின்கிற கிரப் புழுவுக்கு நெமடோட் என்ற உயிருள்ள நுண்புழு. இதில் இரும்புதான் தொல்லை. சிமெண்ட் டிரைவ்வேயில் ஒரு சொட்டு விழுந்து காய்ந்தால் துருக்கறை பிடித்துவிடும், ஸ்ப்ரேயருக்குள் காய்ந்தால் ஃபில்டரிலும் நாசிலிலும் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் சுத்தத் தண்ணீர் விட்டு, குலுக்கி, குழாய் வழியாகவே அடித்து வெளியேற்றுங்கள், ஒருமுறை இல்லை, மூன்று முறை. அந்தத் தண்ணீரையும் புல்மேலேயே அடித்துவிடலாம், தெருவோரச் சாக்கடையில் ஊற்றினால் பல இடங்களில் சுத்திகரிப்பு இல்லாமல் நேரே ஓடைக்குத்தான் போகும். நாசிலைக் கழற்றிப் பழைய டூத்பிரஷால் தேயுங்கள். ஊசி, கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அடுத்த வருஷம் மருந்து கணக்கில்லாமல் போகும். நெமடோட் அடிக்கும்போது ஃபில்டரைக் கழற்றியிருப்பீர்கள், அதையும் தேடி எடுத்து மாட்டிவிடுங்கள்.

கழுவியதும் டேங்கைக் கவிழ்த்து நன்றாக வடியவிட வேண்டும். இங்கேதான் ஆன்டிஃப்ரீஸ் வேலை செய்வதும் செய்யாததும் தீர்மானமாகிறது, ஏனென்றால் தண்ணீர் சேரச் சேர அதன் சக்தி போய்விடும், கேனில் வருவதே ஏற்கெனவே தண்ணீர் கலந்து அளந்ததுதான். வடிந்த பிறகு ஒரு லிட்டர், பெரிய டேங்க் என்றால் இரண்டு லிட்டர் ஊற்றி, மோட்டாரைப் போட்டு, ட்ரிகரை ஒரு வாளிக்குள் அமுக்கிப் பிடியுங்கள். முதலில் வருவது வெறும் தண்ணீர். அப்புறம் லேசான ரோஸ், கூடவே நுரை. அங்கேயே நிறுத்திவிட வேண்டாம், அது குழாய்க்குள் இருந்த தண்ணீரோடு கலந்து வருகிறது. கேனில் இருக்கிற அதே அடர்த்தியான நிறம் நாசிலில் வரும்வரை விடுங்கள். அந்த நேரத்தில் மோட்டார் சத்தமும் கொஞ்சம் கனமாகும், திரவம் தண்ணீரைவிடக் கெட்டி என்பதால். இரண்டு நாசில் வைத்த இழுவை டேங்க் என்றால் இரண்டிலும் பார்க்க வேண்டும், ஒன்றில் ரோஸ் வந்துவிட்டது என்று விட்டால் மற்றக் குழாயில் தண்ணீர் அப்படியே நிற்கும்.

சரி, கேனால் ஆகாத வேலைகளும் உண்டு. லித்தியம் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும், பாதி சார்ஜில் வைத்தால் போதும், பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது. மூடியை இறுக்காமல் லேசாக வைத்தால் ரப்பர் வளையம் அமுங்கிப்போகாது. வளையங்களுக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், வாசலின் சில ரப்பர்களை உப்ப வைத்துவிடும். குழாயைத் தரையில் சுருட்டிப் போடாமல் ஆணியில் தொங்கவிடுங்கள், கராஜ் எலிக்கு அது நல்ல தீனி.

இதையே செய்துகொடுக்க இங்கே ஒரு சின்ன இஞ்சின் ரிப்பேர் கடையில் கேட்ட கூலிக்கு இந்தக் கேன் நாலைந்து வாங்கலாம், அவர்கள் ஊற்றுவதும் இதையேதான். காற்று கம்ப்ரசர் வைத்திருப்பவர்கள் குறைந்த பிரஷரில் ஊதியே விட்டுவிடலாம் என்பார்கள். குழாய்க்கு அது போதும், பம்ப் தலைக்குள் மூலையில் நிற்கிற தண்ணீர் முழுக்கப் போய்விட்டதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை, ரோஸ் நிறம் வந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். என் மார்க் ஐந்துக்கு நாலு. ஒரு மார்க் குறைத்தது அந்த மைனஸ் 50 விளம்பரத்துக்கு.

வசந்தத்தில் வெளியே எடுத்ததும் மிச்சத்தை வாளிக்குள் அடித்துவிட்டு, நுரை நிற்கும்வரை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வடித்ததை அடுத்த குளிருக்கு எடுத்து வைக்காதீர்கள், எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று தெரியாது. அப்புறம் ஒரு அளவுக் குடுவையில் ஒரு நிமிஷம் அடித்து அளந்து பாருங்கள், புது நாசில் தருவதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வந்தால் நாசிலை மாற்றிவிட்டு மருந்து கலக்குங்கள்.