தயாரிப்புக் குழுவின் கையில் ஜிரா

சிட்னியில் தொடங்கிய அட்லாசியன் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஜிரா, மென்பொருள் பிழைகளைக் குறித்துவைக்கும் கருவியாகத்தான் பிறந்தது. இன்று மென்பொருள் தயாரிப்புக் குழுக்கள் பலவற்றின் அன்றாடம் அதைச் சுற்றியே நடந்தாலும், அந்தப் பிறவிக்குணம் மாறவில்லை: எந்த வேலையானாலும் அதற்கு ஒரு டிக்கெட் (வேலைக்குறிப்பு) போட்டு, ஒருவர் பெயரில் எழுதி, முடிந்ததா என்று கேட்கிறது.

பிழைக்கு அது போதும். சரிசெய்து சோதித்துவிட்டால் விஷயம் தீர்ந்தது. புதிய வசதி அப்படியல்ல. அது வெளியான பிறகுதான் பயனர்கள் அதைத் தொடுகிறார்களா, எந்தச் சிக்கலுக்காகக் கட்டினோமோ அது குறைந்ததா என்ற கேள்விகளே எழுகின்றன. எதைக் கட்டுவது என்று தீர்மானிக்கும் தயாரிப்பு மேலாளரின் முக்கியமான வேலை தொடங்கும் அந்த நேரத்தில், வேலைகளை நிலைவாரியாகப் பத்திகளில் அடுக்கிக் காட்டும் பலகையில் டிக்கெட் 'முடிந்தது' என்ற பத்திக்குப் போய், சில நாட்களில் அங்கிருந்தே மறைந்துவிடுகிறது.

இருந்தும், பொறியாளர்களின் வேலையை ஒழுங்குபடுத்துவதில் ஜிராவைக் குறைசொல்ல அதிகம் இல்லை. இனி செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலான பேக்லாக்கில் டிக்கெட்டுகளை இழுத்து மேலும் கீழுமாக வைப்பதே முன்னுரிமையைச் சொல்லிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் 'மிக அவசரம்' என்று முத்திரை குத்தும் வழக்கத்தைவிட இது எவ்வளவோ நேர்மையானது. ஸ்பிரின்ட், அதாவது சில வாரங்களுக்கெனத் திட்டமிட்ட வேலைச் சுற்று, தொடங்கிய பின் நுழைக்கப்பட்ட வேலைகளை ஸ்பிரின்ட் அறிக்கை நட்சத்திரக் குறியிட்டுக் காட்டுகிறது. 'சின்ன வேலைதானே' என்று இடையில் செருகும் மேலதிகாரியிடம் வாதாடுவதைவிட, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவது மேல்.

ஒரு பத்தியில் இத்தனை வேலைகளுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைக்கலாம். ஆனால் வரம்பு மீறினால் பத்தி நிறம் மாறுமே தவிர, அடுத்த வேலையை உள்ளே விடாமல் தடுக்காது. தடுக்கும் துணிவு குழுவிடம்தான் இருக்க வேண்டும்.

பெரிய ஆபத்து, ஒவ்வொரு ஸ்பிரின்டிலும் குழு முடித்த வேலையின் அளவைக் காட்டும் வெலாசிட்டி வரைபடத்தில் இருக்கிறது. அதில் வரும் ஸ்டோரி பாயின்ட் என்பது, ஒரு வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு குழு தனக்குள் வைத்துக்கொள்ளும் தோராய அளவு; இரண்டு குழுக்களின் புள்ளிகளை அருகருகே வைத்து எது திறமையானது என்று தீர்ப்பளிக்கும் நிர்வாகத்தில், அடுத்த காலாண்டிலேயே மதிப்பீடுகள் வீங்கத் தொடங்கும், வெளியாகும் வேலையின் அளவோ அப்படியே இருக்கும். கருவியின் பிழை என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் அவ்வளவு பளிச்சென்ற வரைபடத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்த வடிவமைப்புக்கும் இதில் பங்குண்டு என்பது என் கருத்து.

'எதைக் கட்டுவது' என்ற கேள்விக்காக அட்லாசியன் 2023இல் ஜிரா புராடக்ட் டிஸ்கவரி என்ற தனித் தயாரிப்பைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. யோசனைகளை ஒரே இடத்தில் சேர்த்து, பயனையும் உழைப்பையும் மதிப்பிட்டு, தேர்ந்தவற்றை டிக்கெட்டுகளோடு இணைக்கலாம். ஆனால் அந்த மதிப்பெண்களை இடுவதும் நாம்தான். பயனர்களிடம் பேசாமல் இட்டவை என்றால், ஊகத்துக்கு எண்வடிவம் கொடுத்த பலன் மட்டுமே மிஞ்சும்.

பத்துப் பேர் வரையிலான குழுவுக்கு ஜிரா இலவசம். புதிதாகத் தொடங்குவோர் அதிலேயே தொடங்கலாம். நிறுவனம் முழுமைக்குமான அமைப்பைத் தவிர்த்து, குழுவே நிர்வகிக்கும் திட்ட வகையைத் தேர்ந்தெடுத்தால், ஒரு பத்தியைச் சேர்க்க நிர்வாகியிடம் மனுப்போட வேண்டியதில்லை. அந்தச் சுதந்திரம் கிடைத்தவுடன் முதலில் சேர்க்க வேண்டியது, 'முடிந்தது' என்பதற்கு முன் 'பயனைப் பார்க்கிறோம்' என்று ஒரு பத்தி.