மிலிட்டரி போலீஸா, ஏர்ஃபோர்ஸ் போலீஸா, சிஐஎஸ்எஃப்பா? எந்தப் பக்கம் போறது

மிலிட்டரி போலீஸ் ஆகணும்னு சொல்ற பசங்க மனசுல இருக்கறது அநேகமா ஒரே படம்தான், செவப்புத் தொப்பி, வெள்ளை பெல்ட், கையில எம்பி-னு பட்டை. அது ஆர்மியோட கார்ப்ஸ் ஆஃப் மிலிட்டரி போலீஸ், சுருக்கமா சிஎம்பி, சென்டர் பெங்களூர்ல இருக்கு. ஆனா ஒரு ஏர்பேஸ் வாசல்லயோ ஆயுத டிப்போ கேட்லயோ துப்பாக்கியோட நிக்கறவரப் பாத்தா முக்கால்வாசி டிஎஸ்சி ஆளா இருப்பாரு, அதாவது டிஃபென்ஸ் செக்யூரிட்டி கார்ப்ஸ். அணுமின் நிலையம், ஏர்போர்ட், துறைமுகம்னா அங்க சிஐஎஸ்எஃப், அதாவது மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை. வேலை பாக்க ஒரே மாதிரி தெரியும், ஆனா உள்ள போற கதவும் வெளிய வர்ற தேதியும் சுத்தமா வேற.

முதல்ல சிஎம்பி. இவங்க வேலை ராணுவத்துக்குள்ளயே ஒழுங்கு பாக்கறது. கன்டோன்மென்ட் ரோந்து, கான்வாய் போறப்ப டிராஃபிக், போர்னு வந்தா பிடிபட்ட கைதிங்கள கையாளறது. ஆர்மி சட்டம் 1950ல 107வது பிரிவுப்படி அந்தச் சட்டத்துக்குக் கீழ வர்ற ஆளப் பிடிச்சு வைக்கலாம், ஆனா தன் இஷ்டத்துக்கு தண்டனை குடுக்க முடியாது. வெளி ஆளுங்க மேல ஊர் போலீஸ் மாதிரி அதிகாரம் எல்லாம் கெடையாது, தப்புப் பண்ணா ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், அவ்ளோதான். சினிமா பாத்துட்டு வர்றவங்க இத முதல்லயே தெரிஞ்சுக்கிட்டா நல்லது.

பசங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு. அக்னிவீர்ங்கற நாலு வருஷத் திட்டத்துல ஜிடி, அதாவது பொதுப் பணி சிப்பாய்னு சேருவீங்க, அப்புறம் எந்த ரெஜிமென்ட், எந்த கார்ப்ஸ்னு முடிவு பண்றது ஆர்மி. சிஎம்பிதான் வேணும்னு அடம் பிடிக்க முடியாது. வேற ரெஜிமென்ட்ல இருந்துட்டு பின்னாடி இங்க மாறி வர்றவங்களும் உண்டு, ஆனா அத நம்பி திட்டம் போடறது எனக்கு சரியாப் படல.

பொண்ணுங்களுக்கு கதை நேரெதிர். அவங்களுக்கு ஆர்மில சிப்பாயா சேர இருக்கற வழியே மிலிட்டரி போலீஸ்தான். 2021 மே 8ம் தேதி பெங்களூர்ல முதல் பேட்ச் 83 பேர் பாஸ்அவுட் ஆனாங்க, 61 வாரம் ட்ரெய்னிங் முடிச்சு. இப்ப அதே வழி அக்னிவீர்ல வருது. அதனால ‘எனக்கு யூனிஃபார்ம் வேணும், அதுவும் ஆர்மி யூனிஃபார்ம்தான் வேணும்’னு சொல்ற தங்கச்சிங்க யோசிக்கவே வேண்டாம், ஃபார்ம் போட்டுடுங்க.

ஏர்ஃபோர்ஸ் போலீஸ் பத்தி கேக்கறவங்களுக்கு: அக்னிவீர்வாயு, அதாவது ஏர்ஃபோர்ஸோட அக்னிவீர் மூலமா உள்ள போகணும், டிரேட் அவங்கதான் ஒதுக்குவாங்க, போலீஸ்தான் கெடைக்கும்னு யாரும் கியாரண்டி தர முடியாது. பிளஸ் டூல மொத்தமா 50 சதவீதம், இங்கிலீஷ்லயும் தனியா 50 சதவீதம் வேணும், பரீட்சை இங்கிலீஷ், ஹிந்தில மட்டும்தான். கெடைச்சா நல்ல வேலைதான், ஸ்டேஷனுக்குள்ள பாஸ், கேட், வண்டி ஒழுங்கு எல்லாம் இவங்க கண்ட்ரோல். நேவில தளத்தோட கடல் பக்கத்தப் பாத்துக்க சாகர் பிரஹாரி பல்-னு ஒரு படை இருக்கு, மும்பை தாக்குதலுக்கு அப்புறம் உருவாக்கினாங்க. அதுவும் நேவில சேந்த பிறகு போஸ்டிங்ல வர்றதுதான், நேரா அப்ளை பண்ற மாதிரி இல்ல.

டிஎஸ்சி உங்களுக்கு இப்போதைக்கு இல்லவே இல்ல. ஆர்மில ரிடையர் ஆன சிப்பாய்ங்க மறுபடி சேர்ற படை அது, சென்டர் கேரளால கண்ணூர்ல. வயசானவங்க சும்மா கேட்ல உக்காந்திருப்பாங்கன்னு கிண்டல் பண்றவங்க 2016 ஜனவரில பதான்கோட் ஏர்பேஸ்ல நடந்த தீவிரவாதத் தாக்குதலப் பத்திப் படிக்கணும், அன்னிக்கு செத்தவங்கள்ல அஞ்சு பேர் டிஎஸ்சி ஆளுங்க. வீட்ல மாமா, சித்தப்பான்னு எக்ஸ்சர்வீஸ்மேன் யாராவது இருந்தா இந்தத் தகவல் அவங்களுக்குத்தான் உதவும், பதினஞ்சு வருஷம் ஓட்டினா ரெண்டாவது பென்ஷனும் உண்டு.

இப்ப சிஐஎஸ்எஃப். இது ராணுவமே கெடையாது, உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ வருது, 1969ல ஆரம்பிச்சது. ‘அப்ப அது மிலிட்டரி இல்லயே’ன்னு மூஞ்சி சுளிக்கறவங்க இருக்காங்க, சுளிச்சுக்கோங்க. ஆனா ஒரு முக்கியமான இடத்தக் காவல் காக்கறதுதான் உங்க ஆசைன்னா, அதையே முழு வேலையா வாழ்க்கை பூரா செய்யறது இவங்கதான், கல்பாக்கம், கூடங்குளம், சென்னை ஏர்போர்ட்டுன்னு நம்ம ஊர்லயே பாக்கலாம். அரக்கோணம் பக்கத்துல தக்கோலத்துல ட்ரெய்னிங் சென்டர் இருக்கு, 2025ல அதுக்கு ராஜாதித்த சோழன் பேரு வச்சாங்க, 949ல அதே தக்கோலத்துல சண்டைல செத்த இளவரசன் அவரு.

காசு கணக்கு பாத்துடலாம். அக்னிவீர்னா முதல் வருஷம் மாசம் 30,000, அதுல 30 சதவீதம் பிடிச்சுப்பாங்க, கைக்கு 21,000. நாலாவது வருஷம் 40,000. நாலு வருஷம் முடிஞ்சா சேவா நிதின்னு ஒரு மொத்தத் தொகை, 2022ல அறிவிச்சப்ப வட்டியோட கிட்டத்தட்ட 11.71 லட்சம்னு சொன்னாங்க. பென்ஷன் இல்ல, கிராஜுவிட்டி இல்ல, நூத்துக்கு 25 பேர் வரைக்கும்தான் நிரந்தரம். அந்த நாலு வருஷமும் கல்யாணம் பண்ணக்கூடாது. சிஐஎஸ்எஃப் கான்ஸ்டபிள்னா அடிப்படைச் சம்பளம் 21,700ல ஆரம்பிக்குது, மேல டிஏ, வீட்டு வாடகைப்படி, 60 வயசு வரைக்கும் வேலை. பழைய பென்ஷன் இங்கயும் இல்ல, அத மறைக்க விரும்பல. நைட் ஷிஃப்ட், நாள் முழுக்க நின்னுகிட்டே ஒவ்வொருத்தரா தடவி செக் பண்றது, ட்ரான்ஸ்ஃபர் வந்தா வடக்க எங்கயாவது ரூம் தேடறதுன்னு அலுப்பும் நெறைய இருக்கு.

என்னைக் கேட்டா பசங்களுக்கு சிஐஎஸ்எஃப்தான் முதல்ல, பொண்ணுங்களுக்கு ரெண்டும் சமம், ஆர்மி பிடிவாதம் இருந்தா மிலிட்டரி போலீஸ். கார்ப்ஸ் எதுவா இருந்தாலும் பரவால்ல, சிப்பாயா இருந்தா போதும்னு சொல்ற பையன் மட்டும் அக்னிவீர முதல்ல வைக்கலாம்.

ரெண்டுக்கும் ஒண்ணாவே தயாராகலாம், ஆனா ஓட்டம் வேற. அக்னிவீர் ரேலில 1.6 கிலோமீட்டர், வேகம்தான் எல்லாமே. சிஐஎஸ்எஃப் மாதிரி மத்தியப் படைகளுக்கு கான்ஸ்டபிள் எடுக்கற எஸ்எஸ்சி ஜிடி பரீட்சைல ஆம்பளைங்களுக்கு 5 கிலோமீட்டர் 24 நிமிஷத்துல, மூச்சு தாங்கணும். உயரமும் பொது வகுப்புக்கு 170 சென்டிமீட்டர், ஆர்மில நம்ம பக்கத்துக்கு அதவிடக் கம்மிதான் கேக்கறாங்க, அதனால 167, 168ல இருக்கற தம்பிங்க விதிவிலக்கு எதுவும் தங்களுக்கு இருக்கான்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் கோச்சிங் ஃபீஸ் கட்டுங்க. எஸ்எஸ்சி எழுத்துத் தேர்வு 2024லேர்ந்து தமிழ்லயும் இருக்கு. ஃபார்ம்ல படைகள வரிசைப்படுத்தச் சொல்ற எடத்துல சிஐஎஸ்எஃப்ப மொதல்ல போடுங்க, எல்லாரும் அதையே கேக்கறதால கட்ஆஃப் ஏறும், ரெண்டாவது மூணாவது இடத்துல எந்தப் படைன்னும் யோசிச்சு வைங்க. அக்னிவீர் முடிச்சுட்டு வர்றவங்களுக்கு மத்தியப் படைகள்ல ஒதுக்கீடும் வயசுத் தளர்வும் இருக்கு, அதனால ஆர்மிக்குப் போன பையனுக்கு இந்தக் கதவு அடைச்சுப் போயிடாது, டிஸ்சார்ஜ் பேப்பர மட்டும் பத்திரமா வச்சுக்கணும்.